டெக்சாஸ் ஹோம்கமிங் மம்: முதல்முறை செய்பவர்களுக்கு

டெக்சாஸ் உயர்நிலைப் பள்ளிகளில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால், பெண்பிள்ளைகள் மார்பில் தட்டு அகலத்துக்கு ஒரு சாமந்திப் பூவும், அதிலிருந்து முழங்கால்வரை தொங்கும் ரிப்பன்களும், மணிகளும், குட்டிக் கரடி பொம்மைகளுமாக நடந்துவருவார்கள். அதுதான் மம். சாமந்தியின் ஆங்கிலப் பெயரில் கடைசி அசையை மட்டும் வைத்துக்கொண்ட சொல். ஃபிரிஸ்கோ, பிளானோ, கேட்டி பக்கம் புதிதாகக் குடிவந்த தமிழ்க் குடும்பங்களுக்கு, பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்ததும் "அம்மா, எனக்கு மம் வேணும்" என்ற கோரிக்கை வந்துவிடும். பூத்தொடுக்கவும் புடவைக்குக் கொசுவம் வைக்கவும் தெரிந்த கை இருந்தால் பாதி வேலை தெரிந்த மாதிரிதான்.

முதலில் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறோம். ஹோம்கமிங் என்பது பழைய மாணவர்களை ஊருக்கு அழைத்து, சொந்த மைதானத்தில் ஃபுட்பால் (அமெரிக்க ஃபுட்பால்தான், நம் கால்பந்து அல்ல) ஆட்டம் நடத்தும் விழா. கல்லூரிகளில் தொடங்கியது. வேகோவில் உள்ள பேய்லர் பல்கலைக்கழகம் 1909இலும், மிசூரி பல்கலைக்கழகம் 1911இலும் நடத்தின. முதலில் நடத்தியது யார் என்ற போட்டி இன்றும் ஓயவில்லை. உயர்நிலைப் பள்ளியில் அந்த வாரம் முழுக்க நாளுக்கொரு உடை. வெள்ளியன்று பெப் ராலி (அணியை உற்சாகப்படுத்தும் பள்ளிக் கூட்டம்), இரவு ஆட்டம், இடைவேளையில் மாணவர்களில் ராஜா ராணி யார் என்ற அறிவிப்பு. நடனம் பெரும்பாலும் சனிக்கிழமை. மம் அணிவது வெள்ளிக்கிழமை, பள்ளிக்கும் ஆட்டத்துக்கும். சனிக்கிழமை நடனத்துக்கு அணிவதில்லை. இது தெரியாமல் நடன உடையின் நிறத்துக்குப் பொருத்தமாக மம் செய்துவிடுபவர்கள் உண்டு. மம்மின் நிறம் பள்ளியின் நிறம்தான். பன்னிரண்டாம் வகுப்பினருக்கு மட்டும் வெள்ளையும் வெள்ளியும் என்பது பரவலான வழக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அழகாக இருக்கிறதே என்று முழுக்க வெள்ளையில் செய்துவிடாதீர்கள்; அந்த நிறத்துக்காக அவள் மூன்று வருடம் காத்திருக்கத்தான் வேண்டும்.

முன்பு பையன் பெண்ணுக்கு மம் கொடுப்பான், பெண் அவனுக்குக் கையில் கட்டும் சிறிய மம்மான கார்ட்டர் கொடுப்பாள். இப்போது தோழிகளுக்குள் மாற்றிக்கொள்வதும், வீட்டிலேயே பெற்றோர் செய்துகொடுப்பதும் சாதாரணம். கடையில் செய்யச் சொன்னால் பெரிய மம்முக்கு நூற்றுக்கணக்கான டாலர் ஆகும். வீட்டில் செய்தால் அதில் ஒரு சிறு பங்குதான். இரண்டு மாலை நேரம் போதும்.

வாங்குவதற்கு முன்

பள்ளியின் செய்திமடலைப் பாருங்கள். ஆட்டத் தேதி, மம் அணிந்து வகுப்பில் உட்காரலாமா, மணியும் எல்.இ.டி. விளக்கும் கூடுமா என்பதெல்லாம் பள்ளிக்குப் பள்ளி மாறும். ஆகஸ்டிலேயே ரிப்பன் வாங்கிவிடுங்கள். ஒரே நிறமுள்ள நான்கைந்து பள்ளிகள் பக்கத்தில் இருந்தால், செப்டம்பர் நடுவில் அந்த நிறம் மட்டும் கடையில் இருக்காது. ஹாபி லாபி, மைக்கேல்ஸ் இரண்டிலும் மம் பொருள்களுக்கென்றே தனி வரிசை போட்டிருப்பார்கள்.

அடுத்தது அளவு. பிள்ளையை நிற்கவைத்து, பூவின் நடுப்பகுதி வரவேண்டிய இடத்திலிருந்து (கழுத்தெலும்புக்கு நாலு விரற்கடை கீழே) முழங்கால்வரை அளந்துகொள்ளுங்கள். 5 அடி 2 அங்குல உயரப் பெண்ணுக்கு ஏறக்குறைய 30 அங்குலம் வரும். இதற்கு மேல் நீளம் வேண்டாம். பார்வையாளர் மேடையின் இரும்புப் படிகளில் ஏறும்போது மிதிபட்டுக் கிழிவது நீளமான ரிப்பன்தான். கீழே உள்ள கணக்கு எல்லாம் இந்த 30 அங்குலத்துக்கு, ஒரே பூ வைத்த ஒற்றை மம்முக்கு. முதல்முறை இரட்டை, மூன்று பூ ஆசையெல்லாம் வேண்டாம்.

வேண்டியவை: 6 அங்குல வெள்ளைத் துணிச் சாமந்தி ஒன்று. ஒன்றரை அங்குல ரிப்பன் 18 கஜம், இரண்டு மூன்று நிறமாகப் பிரித்து. இரண்டே முக்கால் அங்குல அகல ரிப்பன் 6 கஜம். பின்னலுக்கு முக்கால் அங்குலத்துக்கும் குறைந்த மெல்லிய ரிப்பன் 4 கஜம், சங்கிலிக்கு ஏதாவது ஒரு நிறத்தில் இரண்டரை கஜம், கழுத்துப் பட்டைக்கும் இடுப்புக் கட்டுக்கும் அகலமான ரிப்பன் 3 கஜம். தடித்த போஸ்டர் அட்டை, ஃபெல்ட் துணி ஒரு தாள், ஸ்டேப்லர், சூடு குறைந்த க்ளூ கன், ஒட்டும் எழுத்துகள். மாட்டு மணி ஒன்று, சின்னச் சலங்கை மணி ஐந்தாறு, பிள்ளையின் விருப்பத்துக்கேற்பச் சின்ன ஃபுட்பால், வயலின், கரடி இப்படி ஏதாவது.

படி 1: பேக்கர்

பூவுக்குப் பின்னால் இருக்கும் வட்டத்தட்டைப் பேக்கர் என்பார்கள். போஸ்டர் அட்டையில் 8 அங்குல விட்டத்தில் இரண்டு வட்டம் வெட்டி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டுங்கள். அமேசான் பெட்டியின் நெளி அட்டை வேண்டாம். அட்டையையும் ரிப்பன் மடிப்புகளையும் சேர்த்துத் துளைத்து மறுபக்கம் மடங்க, சாதாரண ஸ்டேப்லர் ஊசிக்கு நீளம் போதாது. மேலோட்டமாகப் பிடித்திருந்துவிட்டு, ஆட்டத்தன்று கழன்று விழும். வட்டத்தின் இருபுறமும் அகலமான பேக்கிங் டேப் ஒட்டிவிட்டால் மழைத்தூறலில் அட்டை ஊறாது.

ஒன்றரை அங்குல ரிப்பனை 6 அங்குலத் துண்டுகளாக 33 வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் இரு முனையும் சேர இரண்டாக மடித்தால் 3 அங்குல வளையம் கிடைக்கும். வளையத்தின் 1 அங்குலம் அட்டையின் மேலும் 2 அங்குலம் வெளியேயும் இருக்கும்படி ஓரம் முழுக்க ஸ்டேப்பிள் செய்துகொண்டே போங்கள். ஒவ்வொரு வளையமும் முந்தியதன்மேல் பாதி ஏறியிருக்க வேண்டும், அதாவது முக்கால் அங்குலம். வட்டத்தின் சுற்றளவு 25 அங்குலம், அதனால்தான் 33. இதற்கு ஐந்தரை கஜம் ஆகும்.

அடுத்த அடுக்கு வேறு நிறத்தில். அட்டையில் 6 அங்குல விட்டத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, 5 அங்குலத் துண்டுகள் 25 எடுத்து, அதே மாதிரி 1 அங்குலம் உள்ளே தள்ளி அடியுங்கள். முதல் அடுக்கின் ஊசிகளை இது மறைத்துவிடும். இரண்டாம் அடுக்கின் ஊசிகளைப் பூ மறைக்கும். பூ 6 அங்குலத்துக்குக் குறைந்தால் ஊசி பளபளவென்று தெரிவது அதனால்தான்.

வளையங்கள் புடவைக் கொசுவம் போல ஒரே பக்கமாகச் சாய வேண்டும். பாதியில் திசை மாறினால் கண்ணுக்கு உடனே தட்டும். முடியும் இடத்தில் கடைசி வளையத்தை முதல் வளையத்தின் அடியில் செருகிவிடுங்கள்.

படி 2: தொங்கும் ரிப்பன்கள்

இவற்றை நேராக வட்டத்தில் அடிக்காதீர்கள். 7 அங்குல அகலம், 3 அங்குல உயரத்தில் தனியாக ஒரு அட்டைப் பட்டை வெட்டிக் கீழ்மூலைகளை வளைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் இதில் அடித்து, சரிபார்த்து, கடைசியில் பேக்கரின் பின்னால் பொருத்தினால் தவறை எளிதில் திருத்தலாம்.

எல்லா ரிப்பனையும் 32 அங்குலமாக வெட்டுங்கள். கூடுதல் 2 அங்குலம் வால் வெட்டுவதற்கு. அகல ரிப்பன் ஆறு வேண்டும். மூன்றை அருகருகே, ஓரம் அரை அங்குலத்துக்குச் சற்று அதிகமாக ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி அடியுங்கள். அவற்றின்மேல் அடுத்த மூன்று. இது திரை போல. இதன்மேல் ஒன்றரை அங்குல ரிப்பன் எட்டு, ஒன்பது, நிறம் மாற்றி மாற்றி. பின்வரிசை இல்லாமல் மெல்லிய ரிப்பனை மட்டும் தொங்கவிட்டால், இடையில் பிள்ளையின் உடை தெரிந்து மம் சோகையாக இருக்கும்.

கீழ்நுனிக்கு மீன்வால் வெட்டு. ரிப்பனை நீளவாக்கில் இரண்டாக மடித்து, திறந்த ஓரத்தின் கீழ்முனையிலிருந்து மடிப்பை நோக்கிச் சாய்வாக மேலே வெட்டுங்கள். சாட்டின் ரிப்பன் என்றால் வெட்டிய நுனி பிரியும். மெழுகுவத்திச் சுடரின் ஓரமாக ஒரு நொடி காட்டினால் நூல் உருகி ஒட்டிக்கொள்ளும். நேராகச் சுடருக்குள் நீட்டினால் கருகிவிடும். மீந்துபோன துண்டில் பழகிவிட்டுச் செய்யுங்கள்.

படி 3: பின்னலும் சங்கிலியும்

கண்ணைப் பறிப்பது இவைதான், அவசரப்படாதீர்கள். எளிய பின்னல் மூன்றுகால் சடை. 30 அங்குலச் சடைக்கு ஒவ்வொரு காலும் 45 அங்குலம், ஆக மூன்றே முக்கால் கஜம். மேல்முனையை மேசையில் ஒட்டிவைத்து, ரிப்பன் முறுக்கிக்கொள்ளாமல் தட்டையாகவே மடித்துப் பின்னுங்கள். தலைமுடி போல இறுக்கினால் ரிப்பன் கயிறாகச் சுருண்டுவிடும்.

பள்ளி ஆண்டு விழாவுக்குக் காகிதச் சங்கிலி செய்தவர்களுக்குச் சங்கிலி தெரியும். 5 அங்குலத் துண்டை வளையமாக்கி ஸ்டேப்பிள் செய்து, அடுத்த துண்டை அதற்குள் கோத்து வளையமாக்க வேண்டும். 30 அங்குலத்துக்குப் பதினேழு வளையம் அளவில் வரும். இரண்டு ரிப்பனைச் செங்குத்தாக வைத்து மாற்றி மாற்றி மடிக்கும் ஸ்பிரிங் பின்னலும் போடலாம். சிறுவயதில் தென்னோலையில் செய்த அதே மடிப்பு. அது ரிப்பனை விழுங்கும், அதனால் ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

படி 4: பெயர்

முன்வரிசையில் இரண்டு ரிப்பனில் எழுத்து வரும். ஒன்றில் பிள்ளையின் பெயர், மற்றதில் பள்ளியின் பெயரோ வருடமோ, ஜோடி இருந்தால் அவன் பெயரோ. மேலிருந்து கீழாக ஒட்டுவது வழக்கம். பேக்கரின் வளையங்கள் நடுவிலிருந்து 6 அங்குலம்வரை மறைத்துவிடும். அதனால் 7ஆவது அங்குலத்தில் தொடங்குங்கள். மீன்வாலுக்கு 1 அங்குலம் போனால் 22 அங்குலம் மிஞ்சும். ஒன்றரை அங்குல எழுத்துக்கு இடைவெளியோடு 2 அங்குலம் என்றால் 11 எழுத்துதான் கொள்ளும். ஆங்கிலத்தில் எழுதும்போது அபிராமிக்கு 7 எழுத்து, தாராளம். சிவரஞ்சனி சரியாக 11. அதைவிட நீளமான பெயருக்கு 1 அங்குல எழுத்து வாங்குங்கள், அல்லது வீட்டில் கூப்பிடும் பெயரைப் போடுங்கள். தமிழில் ஒட்டும் எழுத்து அந்தக் கடைகளில் கிடைக்காது. வினைல் வெட்டும் இயந்திரம் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் தமிழிலேயே வெட்டி ஒட்டலாம். அது கூட்டத்தில் தனியாகத் தெரியும்.

ஒட்டும் எழுத்து சாட்டினில் ஒரு மணி நேரம்கூட நிற்காது. ஒவ்வொரு எழுத்தின் பின்னும் துணி ஒட்டும் பசையை ஊசிமுனை அளவுக்குத் தொட்டு ஒட்டி, ஒரு இரவு தட்டையாகக் காயவிடுங்கள். இந்த இடத்தில் சூடான க்ளூ கன் வேண்டாம். மெல்லிய ரிப்பனை அது உருக்கிச் சுருக்கிவிடும்.

படி 5: எடையும் பொருத்துதலும்

மம் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு விதியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: எடை தாங்குவது ஊசி, அலங்காரம் மட்டும் பசை. டெக்சாஸ் செப்டம்பர் வெயிலில் நிறுத்திய காருக்குள் க்ளூ கன் பசை இளகிவிடும். பசையை மட்டும் நம்பிய பூ, கார்க் கதவைத் திறக்கும்போது இருக்கையில் கிடக்கும்.

ரிப்பன் பட்டையைப் பேக்கரின் பின்னால், பட்டையின் மேல்விளிம்பு வட்டத்தின் நடுக்கோட்டில் இருக்கும்படி வைத்து ஏழெட்டு ஊசி அடியுங்கள். பூவின் காம்பை ஒட்ட வெட்டி, அடியிதழ்கள் இரண்டு மூன்றை அட்டையோடு சேர்த்துத் தடித்த நூலால் தைத்துவிட்டு, பிறகு பசை வையுங்கள். மாட்டு மணி கனமானது. அதைத் தனி ரிப்பனில் கோத்து முடிச்சிட்டு, அந்த ரிப்பனை நேராக அட்டைப் பட்டையிலேயே அடிக்க வேண்டும், அதுவும் நடுவில். ஓரத்தில் கட்டினால் மம் முழுக்க ஒரு பக்கம் இழுக்கும். சலங்கைகளைச் சடையின் நுனியில் தைக்கலாம். பொம்மைகளை மேல்பாதியில் வைத்தால் நடக்கும்போது முழங்காலில் இடிக்காது.

இப்போது சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். ஒற்றை மம் 1 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் அளவு. காலை முதல் இரவு ஆட்டம் முடியும்வரை கழுத்தில் சுமப்பது ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை. தாண்டினால் முதலில் மணியைக் குறையுங்கள்.

மம்மைச் சேஃப்டி பின் கொண்டு உடையில் குத்தாதீர்கள், துணி கிழியும். அகலமான ரிப்பனால் கழுத்துப் பட்டை போடுங்கள். வட்டத்தைக் கடிகாரமாக நினைத்து, 10 மணி, 2 மணி இடங்களில் கீறல் போட்டு ரிப்பன் முனைகளை நுழைத்து, பின்பக்கம் ஒவ்வொன்றுக்கும் மூன்று ஊசி அடியுங்கள். நீளத்தைப் பிள்ளைக்குப் போட்டுப்பார்த்து முடிவுசெய்யுங்கள். 9 மணி, 3 மணியில் பட்டையைப் பொருத்தினால் பூ முன்னால் குப்புறக் கவிழும். அந்த 9, 3 இடங்கள் இடுப்புக் கட்டுக்கு: இரண்டு ரிப்பன் அடித்து முதுகுக்குப் பின்னால் கட்டிவிட்டால், பெப் ராலியில் குதிக்கும்போது மம் ஊஞ்சலாடாது.

கடைசியாகப் பின்பக்கம் முழுக்க ஃபெல்ட் துணியை ஒட்டுங்கள். ஊசிமுனைகள் உடையையும் தோலையும் கீறாமல் இருக்க இது கட்டாயம்.

கார்ட்டர் செய்வதானால்

எல்லாம் இதேதான், சிறிய அளவில். பேக்கர் 4 அங்குலம், பூ 3 அங்குலம், ரிப்பன் 18 அங்குலம். பையனின் மேற்கையைச் சுற்றி அளந்து 1 அங்குலம் குறைத்து எலாஸ்டிக் வெட்டுங்கள். அகல ரிப்பன் இரண்டை விளிம்போடு விளிம்பு தைத்துக் குழாயாக்கி, அதற்குள் எலாஸ்டிக்கை நுழைக்கவேண்டும். ரிப்பன் எலாஸ்டிக்கைப்போல இரண்டு மடங்கு நீளம் இருந்தால் சுருக்கம் அழகாக விழும். ஃபுட்பால் ஆடும் பையன்கள் இதைப் பகலில் மட்டும் அணிவார்கள்.

வெள்ளிக்கிழமை காலை

காரில் மடியில் வைத்துக் கொண்டுபோகாதீர்கள். ஹேங்கரில் மாட்டி, ரிப்பன்களைப் பாதி நீளத்தில் தளர்வாக ஒரு ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டி, லாண்டரிக் கடைப் பிளாஸ்டிக் உறையைப் போட்டுத் தொங்கவிடுங்கள். பிள்ளையின் பையில் சின்ன ஸ்டேப்லர், நாலு சேஃப்டி பின், கூடுதலாக ஒரு முழ ரிப்பன். ஆட்டம் முடிந்து வந்ததும், எல்.இ.டி. விளக்கு வைத்திருந்தால் அதன் பேட்டரியைக் கழற்றிவிட்டு, அதே ஹேங்கரோடு அலமாரியில் மாட்டிவையுங்கள். நான்கு வருட மம்களையும் அறைச்சுவரில் வரிசையாக மாட்டிவைக்கும் பிள்ளைகள் இங்கே நிறைய.