ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்: விற்கிறவரின் உரிமையைப் படிப்பது எப்படி?

போன மாதம் என் அத்தை மகன் மடிப்பாக்கத்தில் பழைய ஃபிளாட் ஒன்றைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பினான். "பத்திரம் அவர் பேர்லதான் இருக்கு" என்றான். வாங்கிப் பார்த்தேன். அப்பா மகனுக்கு எழுதிய செட்டில்மெண்ட். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: "என் ஆயுள் உள்ளவரை மேற்படி வீட்டில் குடியிருந்து, வாடகை வரும்படியை நானே அனுபவித்து வர வேண்டியது." அப்பா உயிரோடுதான் இருக்கிறார். அவர் கையெழுத்து இல்லாமல் கிரயம் முடித்திருந்தால், பணம் கொடுத்தவன் வெளியே நிற்க வேண்டியதுதான்.

சொந்தம் என்பதில் பல வகை உண்டு. எந்த வகை என்று இப்படிப் பாருங்கள்.

படி 1: சொத்து எப்படி வந்தது?

பத்திரத்தின் தலைப்பைப் பாருங்கள். கிரயம் என்றால் விலைக்கு வாங்கியது. செட்டில்மெண்ட் என்றால் குடும்பத்தில் ஒருவர் எழுதிக் கொடுத்தது. மேலே சொன்னது போன்ற நிபந்தனை இருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள். பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் (பங்காளி ஒருவர் தன் பங்கை விட்டுக்கொடுப்பது) என்றால் கூட்டுச் சொத்தாக இருந்தது. பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

படி 2: பங்குதாரர்களை எண்ணுங்கள்

தன் சம்பாத்தியத்தில் வாங்கிய ஓர் இந்து ஆண், உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்று வையுங்கள். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் என்றால் ஆளுக்குக் கால் பங்கு. இறந்தவரின் தாய் உயிரோடு இருந்தால் ஐந்து பங்காகிவிடும். பலர் மறந்துபோவது இந்தப் பாட்டியைத்தான். மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது, சீர் செய்தாயிற்று என்பதெல்லாம் சட்டத்தில் எடுபடாது. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சம பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தது, 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. வாரிசுச் சான்றிதழில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கையெழுத்து வேண்டும். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பங்குக் கணக்கு வேறு.

படி 3: யூடிஎஸ் எவ்வளவு?

ஃபிளாட்டில் நிலைத்து நிற்கும் மதிப்பு இதில்தான் இருக்கிறது. சுவரும் தளமும் பழசாகும். கீழே இருக்கும் மண்ணில் உங்களுக்குள்ள பிரிபடாத பங்குதான் யூடிஎஸ்.

ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. இரண்டு கிரவுண்டு மனையில் மொத்தம் 9,600 சதுர அடி கட்டியிருக்கிறார்கள், உங்கள் ஃபிளாட் 960 என்றால் உங்களுடையது பத்தில் ஒரு பங்கு. மனையின் 4,800-இல் 480 சதுர அடி உங்கள் பத்திரத்தின் சொத்து விவரத்தில் இருக்க வேண்டும். 350 என்று இருந்தால், மீதி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். நாளைக்குக் கட்டடத்தை இடித்துக் கட்டும்போது பேச்சு இந்த எண்ணில்தான் தொடங்கும்.

படி 4: வில்லங்கமும் பட்டாவும்

பதிவுத் துறை இணையதளத்தில் 30 வருடத்துக்கு ஈசி, அதாவது வில்லங்கச் சான்று, போட்டுப் பாருங்கள். பதிவான பத்திரங்கள்தான் அதில் வரும். உயிலைப் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், இருந்தாலும் தெரியாமல் போகலாம். பட்டா வருவாய்த் துறையின் பதிவு. அவசியம்தான், ஆனால் அதை மட்டும் வைத்து வாங்காதீர்கள்.

படி 5: பவர் வைத்து விற்கிறார்களா?

பவர் பத்திரம் ஒருவருக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரம், அவ்வளவுதான். பவரை எழுதி வாங்கிக்கொண்டால் வீடு சொந்தமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பொதுவாக, பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் போய்விடும். அதனால் அவரையே நேரில் பார்த்துப் பேசுங்கள்.

அத்தை மகன் இப்போது அந்தப் பெரியவரைப் பார்த்துப் பேசியிருக்கிறான். அவரும் கிரயத்தில் சேர்ந்து கையெழுத்துப் போடச் சம்மதித்திருக்கிறார். வக்கீல் பார்த்துச் சரி என்ற பிறகுதான் அட்வான்ஸ்.