எல்லா 'தானு'ம் 'ஒன்லி' ஆகாது

பெங்களூரில் 'ஒன்லி' கேட்காத தெரு கிடையாது. "தேர் ஒன்லி", "டுடே ஒன்லி", "ஹி ஒன்லி டோல்ட்" என்று தமிழர், கன்னடர், தெலுங்கர், இந்திக்காரர் எல்லாருமே பேசுகிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. ஒரு சொல்லை அழுத்திச் சொல்ல நமக்கு 'தான்' இருக்கிறது, ஏகாரம் இருக்கிறது. கன்னடத்திலும் தெலுங்கிலும் அதே ஏகாரம், இந்தியில் 'ஹீ'. ஆங்கிலத்தில் இப்படி ஒட்ட வைக்க ஒன்றும் இல்லை. அங்கே குரலை அழுத்துவார்கள், அல்லது வாக்கியத்தையே மாற்றுவார்கள். நாம் அந்தக் காலி இடத்தில் 'ஒன்லி'யை உட்கார வைத்துவிட்டோம்.

அல்சூரிலோ சிவாஜிநகரிலோ இப்படிப் பேசினால் எல்லாருக்கும் புரிகிறது. அதனாலேயே யாரும் திருத்துவதில்லை. ஒயிட்ஃபீல்டு அலுவலகத்திலிருந்து லண்டனுக்கோ சிகாகோவுக்கோ அதே வாக்கியம் மெயிலாகப் போகும்போதுதான் பொருள் புரண்டுவிடுகிறது.

"அவன்தான் ஃபைலை அழித்தான்" என்று சொல்ல நினைத்து, "ஹி ஒன்லி டிலீட்டட் தி ஃபைல்" என்று எழுதுகிறோம். வெளிநாட்டில் இருப்பவர் இதை எப்படிப் படிப்பார்? "அவன் ஃபைலை அழித்தான், அவ்வளவுதான், வேறொன்றும் செய்யவில்லை" என்று. நாம் சொன்னது குற்றச்சாட்டு, அவருக்குப் போய்ச் சேர்ந்தது பரிந்து பேசும் வாக்கியம். சரி, எப்படி எழுதுவது? "ஹி வாஸ் தி ஒன் ஹூ டிலீட்டட் தி ஃபைல்" என்று எழுதினால் குழப்பமே இல்லை.

"ஐ இன்ஃபார்ம்ட் தி மேனேஜர் ஒன்லி" என்பதும் இப்படித்தான். "மேனேஜரிடமே சொல்லிவிட்டேனே" என்ற உறுதி நம் மனதில். படிப்பவருக்கோ "மேனேஜரைத் தவிர வேறு யாருக்கும் சொல்லவில்லை" என்றாகிறது. மற்றவர்களிடம் ஏன் மறைத்தீர்கள் என்று கேள்வி வந்தால் அவர்மேல் தப்பில்லை. இங்கே 'ஒன்லி'யை எடுத்துவிட்டாலே போதும்.

எழுதும் முன் மனதில் ஓடும் தமிழ் வாக்கியத்தில் 'தான்' இருக்கும் இடத்தில் 'மட்டும்' போட்டுப் பாருங்கள். பொருள் மாறாவிட்டால் 'ஒன்லி' சரி, மாறினால் வேண்டாம். "மேனேஜரிடம் மட்டும் சொன்னேன்" என்பதா நீங்கள் சொல்ல வந்தது? இல்லையே.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. எண்ணும் காலமும் வரும்போது நம் 'தானு'ம் ஆங்கில 'ஒன்லி'யும் பெரும்பாலும் ஒத்துப்போகும். "இரண்டு நாள்தான் இருக்கிறது" என்பதற்கு "ஒன்லி டூ டேஸ் ஆர் லெஃப்ட்" சரி. "நேற்றுதான் வந்தேன்" என்பதற்கு "ஐ கேம் ஒன்லி யெஸ்டர்டே" சரி. 'ஒன்லி' முன்னால் வருவதைக் கவனியுங்கள். நாம் பழக்கத்தில் அதை வால் போலக் கடைசியில் ஒட்டுகிறோம். "ஸ்டாஃப் ஒன்லி", "லேடீஸ் ஒன்லி" என்று பலகையில் எழுதுவதற்கு அந்த இடம் பொருந்தும், பேச்சு வாக்கியத்தில் பெரும்பாலும் பொருந்தாது.

"இன்றைக்கே அனுப்புகிறேன்" என்பதற்கு "ஐ வில் செண்ட் இட் டுடே ஒன்லி" என்று எழுதினால், இன்று ஒருநாள் மட்டும்தான் அனுப்புவீர்கள் போலிருக்கும். "டுடே இட்செல்ஃப்" என்று மாற்றினாலும் அது இந்திய ஆங்கிலம்தான். "பை தி எண்ட் ஆஃப் டுடே" எல்லா ஊரிலும் புரியும்.

அடுத்தது இடம். "ஐ செக்ட் ஒன்லி தி லாகின் பேஜ்" என்றால் மற்ற பக்கங்களைப் பார்க்கவில்லை. "ஒன்லி ஐ செக்ட் தி லாகின் பேஜ்" என்றால் வேறு யாரும் பார்க்கவில்லை. நடுவில் வைத்து "ஐ ஒன்லி செக்ட் தி லாகின் பேஜ்" என்றால் இரண்டு விதமாக எடுக்கலாம்: அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்தேன், அல்லது பார்க்க மட்டும் செய்தேன், திருத்தவில்லை. பேச்சில் ஆங்கிலேயரே இதை நடுவில்தான் வைப்பார்கள். ஹென்றி ஃபவ்லர் 1926-இல் வெளியான தம் ஆங்கிலப் பயன்பாட்டு அகராதியில், "ஹி ஒன்லி டைட் எ வீக் அகோ" (ஒரு வாரம் முன்புதான் இறந்தார்) போன்ற வாக்கியங்களைத் தவறென்று பிடிப்பவர்களுக்கு எதிராகவே வாதாடினார். எனக்கும் அவர் பக்கமே நியாயமாகப் படுகிறது. ஆனால் பேச்சில் குரல் காட்டிக்கொடுக்கும், மெயிலில் குரல் இல்லை. எதைக் குறுக்குகிறீர்களோ அதற்கு முன்னால் 'ஒன்லி'யை வையுங்கள்.

'ஒன்லி இஃப்', 'இஃப் ஒன்லி' இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் நிறைய. முன்னது நிபந்தனை: "நீங்கள் ஒப்புதல் தந்தால்தான் வெளியிடுவோம்" என்பதற்கு "வி வில் ரிலீஸ் இட் ஒன்லி இஃப் யூ அப்ரூவ்". பின்னது ஏக்கம். "இஃப் ஒன்லி யூ ஹேட் அப்ரூவ்ட்" என்றால் "நீங்கள் அப்போதே ஒப்புதல் தந்திருக்கக் கூடாதா" என்ற வருத்தம். வாடிக்கையாளருக்கு எழுதும்போது இதில் சொல் மாறினால் அவர் மனம் கசந்துவிடும்.

அப்புறம், 'ஒன்லி டூ ஹேப்பி' என்று பதில் வந்தால் தயங்காதீர்கள். 'ஐ வுட் பி ஒன்லி டூ ஹேப்பி டு ஹெல்ப்' என்று ஒருவர் எழுதினால், உதவுவதில் அவருக்கு மிகுந்த மகிழ்ச்சி என்று பொருள். இங்கே 'ஒன்லி' எதையும் குறைக்கவில்லை. தாராளமாகக் கேளுங்கள்.