நிறுவன இணையதளமும் மாற்றுத்திறனாளிகளும்: புதியவர்கள் விடாமல் செய்யும் தவறுகள்

ஒவ்வோர் ஆண்டும் கோடை விடுமுறை தொடங்கியதும், மதுரையைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளிலிருந்து சிலர் எங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வருவார்கள். நிறுவன இணையதளங்களை மாற்றுத்திறனாளிகளும் தடையின்றிப் பயன்படுத்தும்படி சீரமைப்பது எங்கள் தொழில். வருகிறவர்கள் கெட்டிக்காரர்கள், நிரல் எழுதுவதில் எங்களைவிட வேகமானவர்கள். ஆனாலும், இத்துறைக்குள் நுழைந்த காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளை ஏறக்குறைய அதே வரிசையில் செய்கிறார்கள். படத்தில் இருப்பதைச் சொல்லில் விவரிக்கும் மாற்று உரையை எழுதாமல் விடுவது, தலைப்புக்குரிய குறியை இடாமல் எழுத்தை மட்டும் பெரிதாக்குவது போன்றவற்றைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. முதலாவதை எந்தச் சோதனைக் கருவியும் சிவப்பில் காட்டிவிடும்; இரண்டாவதைப் பாடநூலே சொல்லிவிடும். இரண்டுக்கும் தப்பிப் போகிறவைதான் எனக்குக் கவலை தருகின்றன.

நூற்றுக்கு நூறு என்ற மயக்கம்

குரோம் உலாவியில் உள்ள லைட்ஹவுஸ் சோதனையை ஓட்டி, அணுகல்தன்மைக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த ஏற்றதாக இருப்பதற்கு, 100 மதிப்பெண் வந்ததும் வேலை முடிந்தது என்று மடிக்கணினியை மூடிவிடுகிறார்கள். மாற்று உரை இருக்கிறதா என்று கருவியால் பார்க்க முடியும். அந்த உரைக்குப் பொருள் இருக்கிறதா என்று பார்க்க முடியாது. சுங்குடிச் சேலை விற்கும் தளம் ஒன்றில், பயிற்சிக்கு வந்த ஒருவர் எல்லாப் படங்களுக்கும் "சேலை" என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினார். திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் திரை வாசிப்பான் மென்பொருள் வழியே அந்தப் பக்கத்தைக் காதால் கேட்பவருக்குச் சேலை, சேலை, சேலை என்றுதான் வரும். "அரக்கு நிறம், வெள்ளைப் புள்ளிகள், பச்சைக் கரை" என்று எழுதியிருந்தால் அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருப்பார். எதை வாங்குவது என்று முடிவெடுக்க உதவாத மாற்று உரை, அது எழுதப்படாமலே இருந்த நிலையிலிருந்து அதிக தூரம் போய்விடவில்லை.

தமிழைப் படமாக ஒட்டுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என் எரிச்சல் அடங்காதது இந்த ஒன்றில்தான். ஆங்கிலப் பக்கத்தில் உரையாக இருக்கும் செய்தி, தமிழ்ப் பக்கத்துக்கு வந்ததும் படமாகிவிடுகிறது. மாசி வீதிகளையொட்டி இருக்கும் துணிக்கடை ஒன்றின் தளத்தில் சலுகை விவரம், வாங்கிய பொருளைத் திருப்பித் தரும் விதிகள், கிளைகளின் முகவரி, கடை திறந்திருக்கும் நேரம் அனைத்தும் ஆங்கிலத்தில் ஒழுங்காகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. தமிழில் அவை யாவும் பூவேலைச் சட்டத்துக்குள் அமைந்த படங்கள். ஆங்கிலம் அறியாத, பார்வையற்ற ஒருவர் அப்பக்கத்தைத் திறந்தால், திரை வாசிப்பான் "ஆஃபர் ஃபைனல் நியூ டூ" என்று கோப்பின் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடும். யாருக்காகத் தமிழ்ப் பக்கம் போடப்பட்டதோ அவருக்கு அங்கே ஒரு தமிழ்ச் சொல்லும் கிடைக்காது.

இது சோம்பலால் மட்டும் வருவதில்லை. நம் ஊர்க் கடைகளின் தமிழ் வாசகம் பெரும்பாலும் டிடிபி நிலையத்திலோ சிவகாசி அச்சகத்திலோதான் முதலில் உருவாகிறது. அங்கே கோரல் டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களைக் கொண்டு துண்டறிக்கையும் விலைப்பட்டியலும் அமைக்கிறார்கள். அந்த வாசகத்தை நகலெடுத்து இணையப் பக்கத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளின் குப்பைதான் வந்து விழும். உடனே, அதைப் படமாக அனுப்பச் சொல்லி வாங்கி, அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். பார்ப்பதற்கு அச்சில் இருந்ததைப் போலவே இருப்பதால் கடைக்காரருக்கும் மகிழ்ச்சி.

பார்வையற்றோர் மட்டும் இதனால் பாதிக்கப்படுவதாக நினைக்க வேண்டாம். பார்வை மங்கியவர் பக்கத்தைப் பெரிதாக்கினால், உரை தெளிவாகவே வளர்ந்து திரையின் அகலத்துக்கேற்ப மடிந்துகொள்ளும். படத்தில் உள்ள எழுத்தோ விளிம்பு கலங்கித் திரைக்கு வெளியே ஓடிவிடும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக மாற்றிப் படிப்பவருக்கும் படத்தில் உள்ள எழுத்து மாறாது. டபிள்யூ.சி.ஏ.ஜி. எனப்படும் இணைய அணுகல்தன்மைக்கான உலகளாவிய வழிகாட்டு நெறிகள், சின்னம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர எழுத்தைப் படமாக்கக் கூடாது என்று, மூன்று நிலைகளில் நடுவிலுள்ள ஏஏ நிலையிலேயே சொல்லிவிடுகின்றன. இந்த நெறிகளின் இரண்டாம் பதிப்பு 2008இல் வந்தது.

இதைச் சொல்லிக் கொடுத்ததும் சுறுசுறுப்பான சிலர் இன்னொரு வழியைக் கண்டுபிடிப்பார்கள். அதுதான் இன்னும் மோசம். பாமினி எழுத்துருவையே தளத்தில் ஏற்றி, குப்பையாகத் தெரிந்த வாசகத்துக்கு அதைப் பூட்டிவிடுவார்கள். இப்போது திரையில் அழகான தமிழ் தெரியும். சுட்டியால் தேர்ந்தெடுக்க முடியும். சோதனைக் கருவியும் வாய் திறக்காது. ஆனால் அடியில் இருப்பது தமிழன்று. பாமினியில் "தமிழ்" என்ற சொல், ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து விசைகளின் வரிசையாகத்தான் சேமிக்கப்படுகிறது. கண்ணுக்குக் காட்டுவது எழுத்துரு. திரை வாசிப்பான் படிப்பது அடியில் உள்ளதை. எங்களுக்காகத் தளங்களைச் சோதித்துத் தரும் பார்வையற்ற வங்கி ஊழியர் ஒருவர் இப்படியொரு பக்கத்தைச் சிறிது நேரம் கேட்டுவிட்டு, "தம்பி, இது எந்த ஊர்ப் பாஷை?" என்று கேட்டார். பயிற்சிக்கு வந்தவர் திரையையே பார்த்துக்கொண்டு, "தமிழ்தான் சார், நல்லாத் தெரியுதே!" என்றார்.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுக் குறியீட்டு முறையான ஒருங்குறியை (யூனிகோடு) தமிழ்நாடு அரசு 2010இலேயே ஏற்றுவிட்டது. வாசகத்தை ஒருங்குறிக்கு மாற்றி, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துருவில் இடுவது ஒன்றே வழி. மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால் மாற்றியதைப் பிழை பார்க்காமல் ஏற்றாதீர்கள். பாமினி வாசகத்தின் நடுவே ஆங்கிலத்தில் இருந்த கடைப் பெயரும் மின்னஞ்சல் முகவரியும்கூட, கருவியின் கையில் சிக்கிப் பொருளற்ற தமிழாகிவிடும். பழைய முறையில் ஒற்றைக் கொம்பு மெய்க்கு முன்னால் சேமிக்கப்படுகிறது. ஒருங்குறியில் மெய்க்குப் பின்னால். பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்த தமிழில் இந்த வரிசை அடிக்கடி புரண்டுவிடும். ஒழுங்கற்ற கொம்பும் காலும் கண்ணுக்குச் சிறு பிசிறாகத்தான் தெரியும். கேட்பவருக்கோ சொல்லே உடைந்துபோகும்.

அந்தத் துணிக்கடைக்கு இதனால் ஆன செலவைச் சொல்ல வேண்டும். டிடிபி நிலையத்தில் மூலக் கோப்புகளை வைத்திருக்கவில்லை. எனவே தமிழ்ப் பக்கங்கள் அத்தனையையும் படத்தைப் பார்த்துக் கையால் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, மீண்டும் அமைக்க வேண்டியிருந்தது. ஒரே வாசகத்துக்கு உரிமையாளர் இரண்டு முறை பணம் கொடுத்தார். அவரை இணங்கவைத்தது சட்டமோ பரிவோ அன்று. படத்தில் உள்ள தமிழ் கூகுள் தேடலில் சரியாகச் சிக்காது என்று சொன்னபோதுதான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைக்காரர்களிடம் பேசும்போது அந்த வாதத்தை முதலில் எடுத்து வையுங்கள்.

மொழியைக் குறிக்காமல் விடுவது

வாசகம் ஒருங்குறிக்கு மாறிய பிறகும் ஒன்று மிச்சம் இருக்கிறது. ஆயத்த வார்ப்புருக்களில் பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்றே எழுதப்பட்டிருக்கும். அதை யாரும் மாற்றுவதில்லை. பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறித்தால்தான் திரை வாசிப்பான் தமிழ்க் குரலுக்கு மாறும். இல்லையென்றால், ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்துகளை விழுங்கிவிட்டு விலையை மட்டும் சொல்லும் நிலையும் உண்டு. தமிழ்ப் பக்கத்தில் ஒரு பத்தி முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தால் அந்தப் பத்திக்குத் தனியாக மொழியைக் குறியுங்கள். பஸ், பில், ஆஃபர் போன்று தமிழ் எழுத்தில் வரும் சொற்களுக்கு அது தேவையில்லை.

ஒரே வரியில் தீர்வு

தளத்தில் ஒரு வரி நிரலைச் சேர்த்தால், சக்கர நாற்காலிச் சின்னம் ஓரத்தில் தோன்றும். எல்லா விதிகளும் நிறைவேறிவிடும் என்று சொல்லி இந்தச் செருகியை, அதாவது தளத்தோடு இணைக்கும் கூடுதல் மென்பொருளை, ஆண்டுச் சந்தாவுக்கு விற்கிறார்கள். எழுத்தைப் பெரிதாக்கும் வசதி உலாவியிலேயே இருக்கிறது. திரை வாசிப்பான் பயன்படுத்துபவரிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. படத்தில் உள்ள தமிழையோ பெயரில்லாத பொத்தானையோ இந்தச் செருகி நம்பகமாகச் சரிசெய்வதில்லை. சில நேரங்களில் பயனரின் விசைகளோடு மோதிக் குழப்பமும் செய்கிறது. எந்தத் தளத்தையும் விதிகளுக்கு உட்பட்டதாக மாற்றிவிடும் என்று இத்தகைய கருவியை விளம்பரப்படுத்திய ஆக்சஸிபீ நிறுவனத்தை, அமெரிக்காவில் வணிக முறைகேடுகளைக் கண்காணிக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2025இல் 10 லட்சம் டாலர் கட்டவைத்தது. அந்தச் சந்தாப் பணத்தைப் பிழை பார்ப்பவருக்குக் கொடுங்கள்.

தங்க நிற எழுத்து

நகைக்கடைக்காரர்களின் விருப்பம் இது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5க்கு 1 என்ற வெளிச்ச மாறுபாடு வேண்டும். வெள்ளையின் மேல் தங்க நிறம் பெரும்பாலும் 2க்குச் சற்று மேலேதான் வரும்.

தானாக ஓடும் பேனர்

நிறுத்தும் பொத்தான் வையுங்கள், அல்லது பேனரையே எடுத்துவிடுங்கள்.

தொடர்புக்குக் கைப்பேசி எண் மட்டும்

காது கேளாதவர் அழைத்துப் பேச முடியாது. வாட்ஸ்அப் எண்ணும் மின்னஞ்சலும் அதே இடத்தில் இருக்கட்டும்.

சட்டம் அரசுத் தளங்களுக்குத்தானே என்பது

இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 46ஆம் பிரிவு, சேவை வழங்குவோர் அரசாக இருந்தாலும் தனியாராக இருந்தாலும் அணுகல் விதிகளின்படி சேவை தர வேண்டும் என்கிறது. விதிகள் 2017இல் அறிவிக்கப்பட்டன. தகவல் தொழில்நுட்பத்துக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 17802 என்ற எண்ணில் இருக்கிறது. வங்கி, காப்பீடு, நிதி நிறுவனங்களுக்குத் தளம் செய்து தருகிறவர்கள் 2025 ஏப்ரல் 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை அவசியம் படிக்க வேண்டும். வாடிக்கையாளரின் அடையாளத்தை உறுதிசெய்யும் இணையவழி கேஒய்சி சரிபார்ப்பில் கண் சிமிட்டிக் காட்டச் சொன்னதால் அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் அடைந்த இன்னலிலிருந்து எழுந்த வழக்கு அது. இணையச் சேவைகளை அணுகும் உரிமை, அரசமைப்பின் 21ஆம் கூறு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் கூறியது. ஓடிபியை உள்ளிட அரை நிமிடம் மட்டும் தந்துவிட்டுப் படிவத்தை அழித்துவிடும் தளங்களைச் செய்கிறவர்களும் இதை மனத்தில் கொள்வது நல்லது.

கண்ணை மூடிக்கொண்டு சோதிப்பது

சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் வருவதே நல்லது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற நிரலாளர் மைக்கேல் கர்ரன் 2006இல் தொடங்கிய என்விடிஏ திரை வாசிப்பான் இலவசம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டாக்பேக் என்ற திரை வாசிப்பான் வசதி உண்டு. இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள். சுட்டியைக் கழற்றி வைத்துவிட்டு டேப் விசையை மட்டும் கொண்டு ஒரு பொருளை வாங்கியும் பாருங்கள்; எந்தப் பொத்தானில் நிற்கிறோம் என்று காட்டும் கோட்டை வடிவமைப்பாளர் மறைத்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும். ஆனால் சிறிது நேரம் கண்ணை மூடிக்கொண்டு என்விடிஏவைக் கேட்டதால் பார்வையற்றவரின் அனுபவம் புரிந்துவிட்டது என்று அறிக்கை எழுதாதீர்கள். பழகியவர்கள் பக்கத்தை வரிவரியாகக் கேட்பதில்லை. தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவி, நமக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத வேகத்தில் கேட்கிறார்கள். நாம் தடுமாறும் இடம் வேறு, அவர்கள் தடுமாறும் இடம் வேறு.

மதுரையில் இதற்கு ஆளுக்குப் பஞ்சமில்லை. அழகர்கோவில் சாலைப் பக்கம் சுந்தரராஜன்பட்டியில் இந்தியப் பார்வையற்றோர் சங்கம் பல்லாண்டுகளாக இயங்கி வருகிறது. கல்லூரிகளிலும் வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் திரை வாசிப்பானுடன் அன்றாடம் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தளம் வெளியாகும் நாளுக்கு முந்தைய மாலையில் அவர்களைக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடும் பழக்கம் மட்டும் வேண்டாம். முதல் வரைவிலேயே அழையுங்கள். வேலைக்குரிய கட்டணத்தைக் கொடுங்கள். வாடிக்கையாளருக்குத் தரும் கொட்டேஷனில் அந்தத் தொகையைத் தனி வரியாகக் காட்டி, என்ன வேலைக்கு என்றும் எழுதுங்கள். "இதர செலவுகள்" என்ற தலைப்பின் கீழ் போட்டால், பேரம் பேசும்போது முதலில் வெட்டப்படுவது அதுதான்.