யோனெசாவா கடன் கதையில் பலரும் தடுக்கி விழும் இடங்கள்

உயெசுகி யோசானைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் 1767ல் ஆரம்பிக்கிறார்கள். வடக்கு ஜப்பானில் யோனெசாவா என்ற சிற்றரசு திவாலாகும் நிலையில் இருக்கிறது, ஒரு பையன் பிரபுவாக வருகிறான், பருத்தி உடுத்துகிறான், ஒரு சூப்பும் ஒரு தொட்டுக்கையும் போதும் என்கிறான், கடன் தீர்கிறது, சுபம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கடன் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இந்தக் கதையில் பதில் இருக்காது. முந்தைய பிரபு ஊதாரி என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

முதல் தவறே இதுதான். யோனெசாவாவின் கடனை அந்தக் குடும்பத்தின் வாரிசுச் சிக்கல்களிலிருந்து பிரித்துப் படித்தால் பாதிதான் புரியும். குறைந்தது 1664 வரைக்குமாவது பின்னால் போக வேண்டும். இன்னும் பின்னால் போனால் 1578. அந்த வருடம் அப்போதைய குடும்பத் தலைவர் உயெசுகி கென்ஷின் யாரையும் வாரிசு என்று தெளிவாகச் சொல்லாமல் திடீரென்று இறந்தார். வளர்ப்பு மகன்கள் இரண்டு பேர்: அக்காள் மகன் ககெகட்சு, ஹோஜோ குடும்பத்திலிருந்து வந்த ககெதோரா. சண்டை நடந்தது, ககெதோரா 1579ல் தற்கொலை செய்துகொண்டார். ககெகட்சு ஜெயித்தது வாளால் மட்டுமில்லை. எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்த பக்கத்து நாட்டுப் பிரபு தகெதா கட்சுயோரியைப் பொன்னும் நிலமும் தருவதாகச் சொல்லித் தன் பக்கம் இழுத்ததும் ஒரு காரணம். வாரிசுச் சண்டை கஜானாவைக் கரைப்பது இந்த வீட்டில் அப்போதே தொடங்கிவிட்டது.

அடுத்து, எண்களைப் படிப்பதில் ஒரு பெரிய குழப்பம் உண்டு. 1598ல் ககெகட்சுவை ஐசு என்ற பகுதிக்கு மாற்றியபோது 12 லட்சம் கொக்கு. செகிகஹாரா போரில் தோற்ற பக்கத்தில் நின்றதால் 1601ல் யோனெசாவாவோடு சேர்த்து 3 லட்சம் கொக்கு. இதைப் பிரபுவின் வருட வருமானம் என்று எழுதிவிடுகிறார்கள். இல்லை. கொக்கு என்பது அரிசி அளவு, சுமார் 150 கிலோ. ஒரு ஆள் ஒரு வருடம் சாப்பிடப் போதும் என்று கணக்கு. 3 லட்சம் கொக்கு என்றால் அந்த நிலம் முழுவதும் விளையக்கூடியது என்று ஷோகுன் (ஜப்பானை ஆண்ட படைத்தலைவர்) அரசு ஒத்துக்கொண்ட மதிப்பீடு. அதில் விவசாயியின் பங்கு போக, வரியாக வருவதில் சாமுராய்களின் படி (சம்பளம்) போக, ஷோகுனின் நகரமான எடோவில் (இன்றைய டோக்கியோ) வைத்திருக்கும் மாளிகைச் செலவு போக மீதிதான் பிரபுவின் கைக்கு. உண்மை விளைச்சல் இந்த மதிப்பீட்டைவிடக் கூடவும் இருக்கலாம், குறையவும் செய்யலாம். ஷோகுன் வைக்கும் வேலைகளும் எதிர்பார்க்கும் அந்தஸ்தும் மட்டும் இந்த எண்ணைப் பார்த்துத்தான்.

சரி, 1664க்கு வருவோம். மூன்றாவது பிரபு சுனகட்சு சில நாள் வயிற்றுவலியில் கிடந்து இறந்துபோனார். பிள்ளை இல்லை, வாரிசு என்று யாரையும் பதிவு செய்யவும் இல்லை. பழைய சட்டப்படி பார்த்தால் மொத்தச் சிற்றரசும் பறிபோயிருக்க வேண்டும். 1651 வரை மரணப்படுக்கையில் தத்து எடுப்பதற்கே அனுமதி கிடையாது. அப்படி அழிந்த வீடுகளின் வேலையில்லாத சாமுராய்கள் தெருவுக்கு வந்து, யுய் ஷோசெட்சு தலைமையில் ஒரு கலகத்துக்கே திட்டமிட்ட பிறகுதான் ஐம்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு விதியைத் தளர்த்தினார்கள். சுனகட்சு அந்தத் தளர்வையும் பயன்படுத்தவில்லை. அவருடைய மாமனார் ஹோஷினா மசாயுகி, ஷோகுனுக்குச் சித்தப்பா, அரசில் பெரிய கை. அவர் தலையிட்டு சுனகட்சுவின் தங்கை மகனை, இன்னும் நடை பழகும் வயதுக் குழந்தையை, வாரிசாக ஏற்க வைத்தார். விலை? 3 லட்சம் கொக்கு 1.5 லட்சமாகப் பாதியானது. பறிபோன பகுதிகளில் இன்றைய ஃபுகுஷிமா பக்கம் இருக்கும் ஷினோபுவும் தாதேயும் அடக்கம். பட்டுக்குப் பேர்போன நிலம்.

இதை ஷோகுனின் பேராசை என்று திட்டுவதும் தவறு, பெருந்தன்மை என்று புகழ்வதும் தவறு. இரண்டும் கலந்த பேரம் அது. என்னைக் கேட்டால், மாமனார் வேறு யாராக இருந்திருந்தாலும் உயெசுகி என்ற பெயரே அங்கே முடிந்திருக்கும்.

அந்தக் குழந்தை யார் தெரியுமா? கிரா யோஷினாகாவின் மூத்த மகன். ஆமாம், எஜமானை இழந்த 47 சாமுராய்கள் பழிவாங்கும் புகழ்பெற்ற 47 ரோனின் கதையில் தலை போகிறதே, அதே கிரா. சுனகட்சு நோயில் விழுவதற்குச் சற்றுமுன் கிரா வீட்டுக்குப் போய்வந்தார் என்பதால் கிராதான் விஷம் வைத்தார் என்று ஒரு வதந்தி அன்றிலிருந்து இன்றுவரை ஓடுகிறது. அதை உண்மைபோல எடுத்து எழுதாதீர்கள். நோய்க்கும் விருந்துக்கும் நாள் பொருந்துகிறது என்பதைத் தவிர அதற்கு ஆதாரம் இல்லை. தவிர, கிரா இதில் கொடுத்தது தன் சொந்த வாரிசை. இரண்டாவது மகனும் சின்ன வயதிலேயே போய்விட, கடைசியில் உயெசுகி வீட்டிலிருந்து தன் பேரன் யோஷிசிகாவைத் திரும்பத் தத்தெடுக்க வேண்டியதாயிற்று.

இந்தக் கொடுக்கல் வாங்கலில் பணமும் சேர்ந்துதான் போனது. சுனநோரி என்று பெயர் பெற்ற அந்தக் குழந்தைப் பிரபு வளர்ந்தபின், அப்பா கிராவின் கடனும் மாளிகைச் செலவும் பாதியாகிப்போன யோனெசாவாவின் தலையில் விழுந்தது. கிராவை வெட்டிய இரவைப் பற்றி நாடகங்களில் ஒரு காட்சி வரும்: ஆட்களோடு கிளம்பத் துடிக்கும் சுனநோரியை மூத்த அமைச்சர் சிசாகா காலில் விழுந்து தடுப்பார். பிரமாதமான காட்சி, ஆனால் சிசாகா தகாஃபுசா அதற்கு இரண்டு வருடம் முன்பே இறந்துவிட்டார். போயிருந்தால் நாடே போயிருக்கும் என்பது மட்டும் நிஜம். கிரா வீடு அதோடு ஒழிக்கப்பட்டது. பேரன் சுவா என்ற இடத்தில் காவலில் இருந்தபடியே 1706ல் இறந்தார்.

நிலம் பாதியானதே, ஆட்களையும் குறைத்தார்களா? இல்லை. சுமார் 5,000 சாமுராய் குடும்பங்களை அப்படியே வைத்துக்கொண்டார்கள். 12 லட்சம் கொக்கு காலத்துக் கூட்டம் அது. 3 லட்சத்திலேயே மூச்சு முட்டியது, இப்போது 1.5 லட்சம். இதை விசுவாசத்தின் உச்சம் என்று உருகுபவர்களும் உண்டு, சுத்த முட்டாள்தனம் என்பவர்களும் உண்டு. நான் இரண்டாம் கட்சிக்குக் கொஞ்சம் நெருக்கம். ஆனால் ஆளைக் குறைக்காததற்கு இன்னொரு விலை இருந்தது என்பதை மறக்கக் கூடாது: படியை முழுதாகக் கொடுக்க முடியாமல் அதில் பாதியைக் "கடனாக" யோனெசாவா அரசே பிடித்துக்கொண்டது. திருப்பித் தராத கடன். அதாவது வேலை போகவில்லை, சம்பளம் பாதி போனது. விவசாயியின் மேல் விழுந்த சுமை தனி.

சுனநோரிக்குப் பிறகு அவர் மகன் யோஷிநோரி, அப்புறம் யோஷிநோரியின் மகன்கள் மூன்று பேர், அண்ணன் தம்பியாக வரிசையாகப் பிரபுவானார்கள். மூத்தவர்கள் இருவரும் இளமையிலேயே இறந்ததால், சீக்கிரம் சீக்கிரமாக அடுத்தடுத்த பட்டமேற்பு. ஒவ்வொன்றுக்கும் எடோவில் காணிக்கையும் சடங்கும் உண்டு, எல்லாம் கடனில். மூன்றாமவர் ஷிகெசதா. இவர்தான் கதைகளில் வரும் "ஊதாரி". சுத்தமானவர் என்று நான் வாதாடவில்லை. ஆனால் அவர் காலத்தில்தான் எடோவின் கானெய்ஜி கோயில் பழுதுவேலையை ஷோகுன் அரசு யோனெசாவாவின் தலையில் கட்டியது, பஞ்சமும் வந்தது. 1764ல் நாட்டையே ஷோகுனிடம் ஒப்படைத்துவிடலாம் என்று ஷிகெசதா யோசித்தார். மனைவி வீட்டாரான ஓவாரி தொகுகவா குடும்பம்தான் தடுத்தது.

இங்கேதான் யோசான் வருகிறார். அப்போது பெயர் ஹருநோரி. யோசான் என்பது 1802ல் வைத்துக்கொண்டது. தெற்கே கியூஷூவில் தகனாபே என்ற சின்ன நாட்டின் அகிசுகி குடும்பத்து இரண்டாம் மகன், தத்து வந்தவர். வெளியாள், ரத்தசம்பந்தம் இல்லாதவர் என்று எழுதுவது வழக்கமான பிழை. அவருடைய அம்மாவின் அம்மா சுனநோரியின் மகள். ஆக ஹருநோரி சுனநோரிக்குக் கொள்ளுப்பேரன், கிராவுக்கு எள்ளுப்பேரன். ஷிகெசதாவின் மகளையே கட்டியும் வைத்தார்கள். தத்து என்றால் ஏதோ இரண்டாம்தரம் என்ற நினைப்பை எடோ காலத்து ஜப்பானுக்குக் கொண்டுபோகாதீர்கள். வீட்டின் பெயர் தொடர்வதுதான் அங்கே முக்கியம்.

இப்போது சிக்கனம். பிரபுவின் எடோ வாழ்க்கைச் செலவு வருடத்துக்கு 1,500 ரியோவிலிருந்து (ரியோ அந்தக் காலப் பொன் நாணயம்) 209 ரியோவாகவும், அந்தப்புரப் பணிப்பெண்கள் 50லிருந்து 9 ஆகவும் குறைந்தது என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு. கடன் 2 லட்சம் ரியோ என்பதும் அப்படியே. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வருடம் 1,291 ரியோ மிச்சம். வட்டியே இல்லை என்றாலும் 2 லட்சத்தை அடைக்க கிட்டத்தட்ட 155 வருடம் ஆகும். பருத்தி உடை கடனை அடைக்கவில்லை. அது எடோவின் மிதானி, சகாதாவின் ஹோன்மா போன்ற கடன் கொடுத்தவர்களிடமும், பாதிச் சம்பளம் வாங்கும் சாமுராய்களிடமும் பேசுவதற்கான முகத்தைக் கொடுத்தது. அதற்கு மதிப்பு உண்டு, ஆனால் வேறு மாதிரி மதிப்பு.

எல்லோரும் அதற்குத் தலையாட்டினார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 1773ல் மூத்த அமைச்சர்கள் ஏழு பேர் கூட்டாக வந்து சீர்திருத்தத்தை நிறுத்தச் சொல்லிப் பிரபுவை முற்றுகையிட்டார்கள். ஷிகெசதா மருமகன் பக்கம் நின்றார். விசாரித்துவிட்டு சுதா, இமோகவா என்ற இருவருக்குத் தற்கொலைத் தண்டனை, மற்றவர்களுக்குக் காவலும் நிலக்குறைப்பும். மென்மையான மகான் என்ற சித்திரத்தோடு இது ஒட்டாது, அதனாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள்.

வருமானப் பக்கத்தில் மூளை தகெநோமதா மசட்சுனா. அரக்கு மரம், முசுக்கொட்டை, காகிதம் செய்யும் மரம் ஒவ்வொன்றும் 10 லட்சம் நட வேண்டும் என்று திட்டம் போட்டார். இதை வெற்றிக்கதையாகவே சொல்கிறார்கள். உண்மையில் முக்கியமாக நம்பியிருந்த அரக்குமரக் கொட்டையின் மெழுகு சந்தையில் அடிவாங்கியது. மேற்கு ஜப்பானிலிருந்து வந்த வேறொரு மரத்தின் மெழுகு அதை ஓரங்கட்டிவிட்டது. மசட்சுனாவே 1782ல் பதவி இழந்து காவலில் வைக்கப்பட்டார். அடுத்து வந்தவர்கள் வெறும் செலவுக் குறைப்பை மட்டும் முயன்றார்கள், அதுவும் சரியாக வரவில்லை. 1791ல் பழைய அதிகாரி நோசோகி யோஷிமாசாவைத் திரும்ப அழைத்து நீண்டகாலத் திட்டம் போட்ட பிறகுதான் நிலைமை திரும்பியது. நின்று பிடித்தது நெசவும் பட்டும். 1776ல் எச்சிகோவின் ஓஜியாவிலிருந்து நெசவாளர்களை வரவழைத்தார்கள், சாமுராய் வீட்டுப் பெண்கள் தறியில் உட்கார்ந்தார்கள்.

ஹருநோரி 1785லேயே பட்டத்தை விட்டார் என்பதும் தவறவிடக் கூடாத விஷயம். தன் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை, ஷிகெசதாவின் மகன் ஹருஹிரோவைத் தத்தெடுத்து, தான் உயிரோடும் தெம்போடும் இருக்கும்போதே கையில் கொடுத்தார். நாடு முன்னோரிடமிருந்து சந்ததிக்குப் போவது, பிரபுவின் சொந்தச் சொத்து அல்ல என்று தொடங்கும் மூன்று வாக்கிய அறிவுரையும் கூடவே. அதைத் தனியாக எடுத்து மேற்கோள் காட்டுகிறார்கள். 1664ல் பதிவு செய்யாத ஒரு வாரிசால் பாதி நாட்டை இழந்த வீடு இது என்று தெரிந்து படித்தால் அது வெறும் தத்துவமாகத் தெரியாது. கடைசிக் கடன் அடைந்ததாகச் சொல்லப்படுவது 1823ல், அவர் இறந்த மறுவருடம், பட்டத்தில் நாரிசதா இருந்தபோது.

வருடமும் வயதும் எழுதும்போது கவனம். பிறந்ததுமே ஒன்று என்று எண்ணி, புத்தாண்டுக்கு ஒன்று கூட்டுவது அவர்கள் கணக்கு. 17 வயதில் பட்டம் என்று படிக்கும் ஹருநோரிக்கு நம் கணக்கில் 15 தான். சுனகட்சு இறந்தது 27 வயதில் என்று இருக்கும். அவர் வருடக் கடைசியில் பிறந்ததால் நமக்கு 25. கிரா கொலையும் அப்படியே: 1702 என்று பல இடங்களில் பார்ப்பீர்கள், நம் நாள்காட்டியில் அது 1703 ஜனவரி 30.