விர்டஸா, வெர்னாவா: தினமும் ஓட்டவும் ட்யூன் செய்யவும் ஒரே கார்

தினமும் வேலைக்குப் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மலை ஏற வேண்டும், கொஞ்ச நாள் கழித்து ரீமேப்பும் (இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றி இழுவையைக் கூட்டுவது) செய்ய வேண்டும். இந்த மூன்றுக்கும் ஒரே கார் என்று கேட்டால், நம் ஊரில் நேருக்கு நேர் நிற்பவை இரண்டு செடான்கள். ஒன்று ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடியின் 1.5 டிஎஸ்ஐ. இன்னொன்று 2023-இல் வந்த ஹூண்டாய் வெர்னாவின் 1.5 டர்போ. ஸ்கோடா ஸ்லாவியா 1.5-உம் விர்டஸின் அதே இன்ஜின், அதே அடித்தளம்தான். அதனால் விர்டஸுக்குச் சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

நான் ஓட்டுவது விர்டஸ் மேனுவல். கோவையிலிருந்து அவிநாசி வழியாகத் திருப்பூருக்குப் போய் வருகிறேன். சென்னையில் இருக்கும் என் தம்பி வெர்னா ஆட்டோமேட்டிக் வைத்திருக்கிறான். ஊருக்கு வரும்போதெல்லாம் சாவியை மாற்றிக்கொள்வோம். இரண்டையும் அந்த அளவுக்கு ஓட்டிப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

விர்டஸ் 150 பிஎஸ் சக்தி, 250 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவிசை. வெர்னா 160 பிஎஸ், 253 நியூட்டன் மீட்டர். இந்தப் பத்து பிஎஸ்ஸை வைத்து முடிவெடுக்காதீர்கள். முதலில் பார்க்க வேண்டியது கியர்பாக்ஸ். தினசரி சுகம், ட்யூனிங்கில் எவ்வளவு தூரம் போகலாம் என்பது, இரண்டையும் தீர்மானிப்பது அதுதான்.

இரண்டு காரிலும் ஆட்டோமேட்டிக் என்றால் ஏழு கியர் இரட்டை கிளட்ச். இரண்டுமே உலர் கிளட்ச் வகை. எண்ணெயில் நனைந்திருக்கும் ஈர கிளட்ச் போல இதற்குச் சூட்டை வெளியேற்ற வழி கிடையாது. சென்னை ஓஎம்ஆர் சாலை நெரிசலில் அடிக்கு அடி ஊர்ந்தால், கிளட்ச் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும்தான் காரை நகர்த்துகிறது. மே மாத வெயிலும் சேர்ந்தால் சூடு ஏறத்தான் செய்யும். முன்னால் ஒரு கார் நீளம் இடம் விட்டு, ஒரேயடியாக நகர்ந்து ஒரேயடியாக நில்லுங்கள். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி காரை நிறுத்தி வைக்கவே கூடாது, பிரேக்கைத்தான் பிடிக்க வேண்டும். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் இரண்டுமே அருமையான ஆட்டோமேட்டிக்.

இனி ட்யூனிங் பக்கம். விர்டஸ் ஆட்டோமேட்டிக்கில் இருக்கும் டிஎஸ்ஜி (அந்த இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ்) டிக்யூ200 வகை. அதன் வடிவமைப்பு வரம்பே 250 நியூட்டன் மீட்டர். கம்பெனியிலிருந்து வரும்போதே அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டுதான் வருகிறது. இன்ஜினுக்குள் இன்னும் எவ்வளவோ பலம் இருந்தாலும், அதைச் சக்கரத்துக்குக் கொண்டு போகும் பாதை அங்கேயே நிரம்பிவிட்டது. ஆகவே என் கணக்கு இதுதான்: ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்றால் ரீமேப் ஆசையை விட்டுவிட்டு வெர்னா எடுங்கள். இருப்பதிலேயே நல்ல இழுவை, பின்சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், மேல் வேரியன்ட்டில் தானாக பிரேக் போடும் ஓட்டுநர் உதவி வசதிகள் எல்லாம் கிடைக்கும். கட்டாயம் ட்யூன் செய்வேன் என்றால் விர்டஸ் மேனுவல். அதன் இன்ஜின் குடும்பம் ஐரோப்பாவில் கோல்ஃப், ஆக்டேவியா கார்களில் பல வருடம் ஓடியது. எந்த மேப்பை, அதாவது மாற்றிய மென்பொருளை, அது தாங்கும் என்று ஏற்கெனவே நிறையப் பேர் பார்த்துவிட்டார்கள்.

தினசரி ஓட்டத்தில் வித்தியாசம் தெரிவது சஸ்பென்ஷனில். வெர்னா மெத்தென்று போகும், ஸ்டியரிங்கும் லேசு. விர்டஸ் கொஞ்சம் இறுக்கம், சின்னக் குழியைக்கூடச் சொல்லிக் காட்டும். ஆனால் வேகம் ஏற ஏற அது தரையோடு ஒட்டிக்கொள்வது போலிருக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினோம். இரண்டாம் கியரில் வளைவை விட்டு வெளியே வரும்போது வெர்னா ஒரே உதையில் அடுத்த வளைவுக்குப் போய்விடுகிறது. ஆனால் ஸ்டியரிங் நேராகும் முன்பே மிதித்தால் முன்சக்கரம் சுழன்று டிராக்‌ஷன் விளக்கு மினுக்கும். விர்டஸில் அதே இடத்தில் இன்னும் கொஞ்சம் முன்னதாகவே மிதிக்கலாம். அட்டகட்டியில் டீ குடிக்க நின்றபோது தம்பி சொன்னதுதான் சரி: “அக்கா, இழுக்கறதுக்கு என்ற வண்டி, திரும்பறதுக்கு உன்ற வண்டி.”

பாதுகாப்பையும் பார்த்துவிடுங்கள். கார்களை மோதிச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2023-இல் நடத்திய சோதனைகளில் இரண்டுக்கும் ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. ஆனால் வெர்னாவின் உடற்கூடு நிலையற்றது என்றும், விர்டஸின் கூடு நிலையானது என்றும் அறிக்கையில் இருக்கிறது. வீட்டார் பின்சீட்டில் வரும் காருக்கு இதை நான் பெரிதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் மூன்று பேரைக் கூட்டிப் போங்கள். நான்கு பேர் உட்கார்ந்த காரை, உங்கள் தெருவில் இருக்கும் மோசமான ஸ்பீட் பிரேக்கர் மேல் ஏற்றிப் பாருங்கள். அம்மா இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார் என்றால், காரைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங் போடும் திட்டத்தை அன்றைக்கே மறந்துவிடலாம். அப்புறம் மூன்றாம் கியரில் 1,500 ஆர்பிஎம்மில் உருட்டிவிட்டு மிதியுங்கள். ஊருக்குள் நீங்கள் தினமும் கேட்கப்போகும் இழுவை அதுதான்.

கார் வந்ததும் உடனே ரீமேப்புக்கு லேப்டாப்பைத் தேடிப் போக வேண்டாம். முதலில் டயர். இரண்டு காரிலும் 205/55 ஆர்16 வருகிறது. பக்கச்சுவர் உயரம் 113 மில்லிமீட்டர் அளவு. அழகுக்காக 17 அங்குல வீலில் 215/45 போட்டால் அது 97-க்கு இறங்கிவிடும். குழியில் விழும்போது அலாயைக் காப்பாற்றுவது அந்த ரப்பர்தான். 16-லேயே இருந்துகொண்டு பிடிப்பு நல்ல டயராக மாற்றுங்கள். வாங்கும்போது பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பழைய சரக்கை ஒதுக்குங்கள்.

அடுத்தது பிரேக். 2022-இல் விர்டஸ் வந்தபோது பின்னால் டிரம்தான். முன்பக்கத்துக்கு நல்ல பேட், புது டாட் 4 பிரேக் ஆயில், இவ்வளவு போதும், மலை இறக்கத்தில் நம்பிக்கை வந்துவிடும்.

அதன் பிறகு ரீமேப். ஸ்டேஜ் 1, அதாவது பாகம் எதையும் மாற்றாமல் மென்பொருளை மட்டும் மாற்றினால், விர்டஸ் 1.5 180 பிஎஸ்ஸைத் தாண்டும் என்பது ட்யூனர்கள் சொல்லும் கணக்கு. டார்க் 300-ஐத் தாண்டும்போது மேனுவலின் ஒரிஜினல் கிளட்சைக் கவனிக்க வேண்டும். ஆளில்லாத நேரான சாலையில் நான்காம் கியரில் 2,000 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டிருக்கும்போது முழுவதுமாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள்ளும் வேகமும் ஒன்றாக ஏற வேண்டும். முள் மட்டும் சட்டென்று ஐந்நூறு தாவி, வேகம் பின்தங்கி, கருகிய வாடை வந்தால் கிளட்ச் வழுக்குகிறது. அப்போதே காலை எடுத்துவிடுங்கள். டார்க்கைக் குறைத்து வேறு மேப் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் கிளட்ச் மாற்றப் பணம் எடுத்து வையுங்கள். இதற்கு மூன்றாவது வழி கிடையாது.

ட்யூனரிடம் நீங்கள் தினமும் எந்த பெட்ரோல் போடுகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். இப்போது பங்க்குகளில் வருவது இ20, 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அதற்குப் பொருந்தாத வெளிநாட்டு மேப்பை அப்படியே ஏற்றிவிட்டால், நாக் (எரிபொருள் நேரம் தவறி எரிந்து தட்டுவது) வரும்போதெல்லாம் இன்ஜின் இக்னிஷனைப் பின்வாங்கிக்கொள்ளும், காசு கொடுத்த இழுவை காணாமல் போகும். மேப் ஏற்றியதும் மூன்றாம் கியரில் லாக் (ஓடும்போது இன்ஜின் தரும் அளவுகளின் பதிவு) எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மதிய வெயிலில் எடுத்த லாக்கே எனக்கு முக்கியம். காலைக் குளிரில் எல்லா காரும் நன்றாகத்தான் ஓடும். குறைந்த பாரத்தில் இரண்டு சிலிண்டரை ஓய்வுக்கு அனுப்பும் வசதியை நீக்கித் தருகிறோம் என்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள், நெடுஞ்சாலை மைலேஜே அதில்தான் இருக்கிறது.

வெர்னாவுக்கும் ரீமேப் கிடைக்கிறது, சென்சார் வயரில் செருகும் ட்யூனிங் பாக்ஸும் கிடைக்கிறது. அதன் பலம் வேறு இடத்தில். அதே 1.5 டர்போ கியா செல்டாஸிலும் கிரெட்டா என் லைனிலும் இருப்பதால் உதிரி பாகத்துக்கு அலைய வேண்டியதில்லை.

செகண்ட் ஹேண்டில் விர்டஸ் எடுப்பவர்கள் சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் செய்து, டிடி1 குறி இருக்கிறதா என்று கேளுங்கள். மென்பொருளில் கை வைத்த காருக்கு கம்பெனி கணினியில் விழும் குறி அது. அது விழுந்த காரில் இன்ஜின், கியர்பாக்ஸ் வாரண்டியை நம்ப முடியாது. பழைய மேப்பைத் திரும்ப ஏற்றி மறைத்துவிட்டேன் என்று விற்பவர் சொன்னாலும் சர்வீஸ் சென்டரில் கேட்டே பாருங்கள். உங்கள் காரிலும் இதே விதிதான், அதனால் வாரண்டி முடியும்வரை டயர், பிரேக்கோடு நிறுத்திக்கொள்வதே என் யோசனை.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்சியில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த மூல விவரங்களிலிருந்து மாறும்படி காரை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. செய்யும் மாற்றத்தை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் பதிலை ஆர்சி நகலோடு வைத்துக்கொள்ளுங்கள். ட்யூனரிடமிருந்து வெளியே வரும்முன் காரின் ஒரிஜினல் மேப் ஃபைலையும் ஒரு பென் டிரைவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடை நாளைக்கு ஊர் மாறினாலும் பழைய நிலைக்குத் திரும்ப உங்கள் கையில் அது இருக்க வேண்டும்.