கடற்பசுவின் அருகில் கைகட்டி மிதப்பது எப்படி

புளோரிடாவின் கிரிஸ்டல் ரிவர் ஊருக்கு நான்கு குளிர்காலங்களாகப் போய்வருகிறேன். முதல் முறை தண்ணீரில் இறங்கியதும், ஆசை தாங்காமல் கால்களை உதைத்துக்கொண்டு ஒரு கடற்பசுவை (மானட்டி) நோக்கி விரைந்தேன். அடியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த அது, நான் கிளப்பிய சேற்றில் விழித்து, அகன்ற வாலை ஒருமுறை வீசிவிட்டு ஊற்றைவிட்டு வெளியே போய்விட்டது. அது எதை விட்டுப் போனது என்று வழிகாட்டி சொன்னபோது மனம் கனத்துப்போனது.

அது விட்டுப் போனது வெதுவெதுப்பை. கடற்பசு சுமார் 450 கிலோ எடை இருந்தாலும், திமிங்கிலத்துக்கு இருப்பதுபோன்ற தடித்த கொழுப்புப் போர்வை அதற்குக் கிடையாது. நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கி அப்படியே நீடித்தால் அது நோய்ப்படும், இறந்தும் போகும். அந்த ஊரின் கிங்ஸ் பே விரிகுடாவில் உள்ள ஊற்றுகளில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 22 டிகிரி. குளிரில் நூற்றுக்கணக்கான கடற்பசுக்கள் இங்கே வந்து ஒடுங்குவது உயிர்பிழைக்கத்தான். நாம் போவது அவற்றின் படுக்கையறைக்குள்.

நவம்பர் 15 முதல் மார்ச் 31 வரை, அவை ஓய்வெடுக்கும் பகுதிகளை மிதவைகளும் கயிறும் கட்டி மூடிவைக்கிறார்கள். கயிற்றுக்கு உள்ளே ஒரு கையைக்கூட நீட்டக் கூடாது. நன்றாகக் குளிரும் நாளில், விடியற்காலை முதல் படகில் இடம் பிடியுங்கள். பதிவு செய்யும்போதே, வழிகாட்டி உங்களோடு தண்ணீரில் இறங்குவாரா என்று கேளுங்கள். படகிலேயே இருப்பார் என்றால் வேறு படகு பாருங்கள். புறப்படுமுன் ஒழுங்குமுறை பற்றிய ஒரு குறும்படம் காட்டுவார்கள். அது சடங்கல்ல, கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டுப் பாருங்கள்.

ஸ்நார்க்கல் (நீரில் முகம் குப்புற மிதந்தபடி மூச்சுவிட உதவும் குழாய்) புதிது என்றால், பயணத்துக்கு முன்பே ஒரு நீச்சல் குளத்தில் பழகிவிடுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்வேன். மூக்கில் தண்ணீர் ஏறினால் யாரும் பதறுவார்கள். பதறினால் கால் தானாக உதைக்கும், உதைத்தால் சேறு கிளம்பும். படகில் தரும் தடித்த ரப்பர் உடையே உங்களைப் பாதி மிதக்கவைக்கும். நுரைமிதவையை மார்புக்குக் கீழே வைத்து, முகம் குப்புற, கால்களை நீர்மட்டத்தில் நீட்டிக் கிடக்க வேண்டும். கைகளை மார்போடு கட்டிக்கொள்ளுங்கள். நகர வேண்டுமானால் கையால் மெல்லத் தண்ணீரை விலக்கினால் போதும். கால் ஊன்றி நிற்காதீர்கள். கீழே அவற்றுக்கு உணவாகும் நீர்ப்புல்லை மீட்டெடுக்கப் பாடுபட்டு நட்டிருக்கிறார்கள். சில நேரம் கீழே இருப்பது புல்லாக இல்லாமல், பாசி படர்ந்த ஒரு முதுகாகவும் இருக்கும்.

பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. காத்திருக்க வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது கல்லைப்போல அசையாமல் மேலே எழும். மூக்குத் துளைகள் மூடி திறப்பதுபோல் விரியும், ‘ப்பூ...’ என்று ஒரு நெடுமூச்சு, மறுபடி மூடிக்கொள்ளும், கீழே போய்விடும். அந்த மூச்சுப் பாதையில் நீங்கள் மிதந்துகொண்டிருந்தால் விலகி வழிவிடுங்கள். சென்ற ஆண்டு ஒன்று என் முகக்கண்ணாடிக்கு எதிரே வந்து, மீசை மயிர்கள் அடர்ந்த உதடுகளை அதன்மீது வைத்துப் பார்த்தது. முதுகில் படகு விசிறி கிழித்த வெள்ளைத் தழும்புகள் ஏழு, சீராக, வரிசையாக. அப்போதும் நான் கையை அவிழ்க்கவில்லை. ‘பார், தொடாதே’ என்பதுதான் மாநில வனவிலங்குத் துறையின் அறிவுரை. மனிதரும் படகும் தீங்கற்றவை என்று அதற்குப் பழக்கிவிட்டால், அடுத்த தழும்புக்கு நாமும் காரணமாவோம்.

துரத்துவது, சூழ்ந்து நிற்பது, பிடிப்பது, தூங்குவதன்மீது மூழ்கி இறங்குவது எல்லாம் சட்டப்படி குற்றம். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போவதும் அப்படியே. கன்று தாயின் முன்துடுப்புக்குப் பின்னால், அக்குளில் வாய்வைத்துப் பால் குடிக்கும். அதைப் பார்த்தால் மிதக்கும் இடத்திலேயே அசையாமல் இருங்கள்.

2021-இல் புளோரிடாவில் 1,100 கடற்பசுக்கள் இறந்தன. அட்லான்டிக் கரையோரத்தில் கடற்புல் அழிந்து, பட்டினி கிடந்தவை அவற்றில் ஏராளம். அதைப் படித்துவிட்டு இரக்கத்தில் கீரை கொண்டுவரும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். உணவு கொடுப்பதும், குழாயில் நன்னீர் காட்டுவதும் அவற்றைப் படகுத்துறைக்கு இழுத்துவரும். அங்கேதான் விசிறிகள் சுழல்கின்றன.

காயம்பட்டதையோ, தாயில்லாமல் தனியே திரியும் கன்றையோ கண்டால் நீங்கள் நெருங்காமல் வழிகாட்டியிடம் சொல்லுங்கள். மாநில அவசர எண் 1-888-404-3922. படகுக்குத் திரும்பும்போது ஏணிக்கு அடியில் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கலாம். போன ஜனவரியில் அப்படி ஒன்றுக்காக நாங்கள் ஆறு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு குளிரில் மிதந்தபடி காத்திருந்தோம். அது எழுந்து, மூச்சு விட்டு, தானாக நகர்ந்த பிறகே ஏறினோம்.