புரோஸ்டேட் அறுவைக்குப் பின் டெஸ்டோஸ்டிரோன்: தொடங்குமுன் பார்க்க வேண்டியவை

புற்றுநோய்க்காகப் புரோஸ்டேட் சுரப்பியை எடுத்து ஓரிரு ஆண்டுகள் ஆன பிறகும் அசதியும் பாலுறவு நாட்டக் குறைவும் நீங்காமல், இரத்தப் பரிசோதனையிலும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைவு என்று வந்தால், அதை மருந்தாக எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி எழும். தேவகோட்டையில் இருக்கும் என் பெரியண்ணன் இக்கேள்வியோடு அலைந்தபோது உடன் சென்றவன் என்ற முறையில், முடிவெடுக்கும் வரிசையை இங்கே எழுதுகிறேன்.

அச்சத்துக்குக் காரணம் உண்டு. டெஸ்டோஸ்டிரோனைக் குறைத்தால் புரோஸ்டேட் புற்றுநோய் ஒடுங்குகிறது என்று 1941-இல் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவர் காட்டினார். 1966-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதனால் இந்த நோய் வந்தவருக்கு இம்மருந்தே கூடாது என்பது நெடுங்காலம் விதியாக இருந்தது. பிற்காலத்தில் வேறொரு விளக்கம் வந்தது. ஊரணி நிரம்பிக் கலுங்கு வழியத் தொடங்கிவிட்டால், மேலும் மழை பெய்தாலும் நீர்மட்டம் ஏறுவதில்லை. அதுபோலப் புரோஸ்டேட் அணுக்களும் ஓரளவு டெஸ்டோஸ்டிரோனுக்கு மேல் கிடைப்பதைப் பயன்படுத்துவதில்லை என்பது அந்த விளக்கம். ஆனால் குறைபாடு உள்ளவரின் ஊரணி நிரம்பாத ஊரணி என்பதை மறக்கக் கூடாது. எங்கேனும் புற்றணு மிஞ்சியிருந்தால், அங்கே மருந்து வேலை செய்ய இடமிருக்கிறது. நன்மை, தீமையை அளந்து சொல்லப் போதிய சான்று இல்லை என்றே அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் 2018 வழிகாட்டுதலும் கூறுகிறது.

ஆகவே முதலில் உறுதிப்படுத்த வேண்டியது நோயின் அமைதியை. எடுத்த சுரப்பியைச் சோதித்துத் தந்த நோய்க்குறியியல் அறிக்கையைத் தேடி எடுங்கள். எங்கள் வீட்டில் அது இரும்புப் பெட்டியில் பத்திரங்களுக்கு அடியில் கிடந்தது. மருத்துவர் முதலில் கேட்டதும் அதைத்தான். புற்றின் வீரியத்தைக் காட்டும் கிளீசன் மதிப்பெண் எவ்வளவு, வெட்டிய விளிம்பில் புற்று இருந்ததா, விந்துப்பைக்கோ நிணநீர்க் கணுக்களுக்கோ பரவியிருந்ததா என்ற மூன்றையும் அதிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்து, அறுவைக்குப் பின் எடுத்த பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட் அணுக்கள் சுரக்கும் ஒரு புரதம்; இரத்தத்தில் அளப்பது) அளவுகள் அனைத்தையும் தேதிவாரியாக ஒரே தாளில் எழுதுங்கள். ஐந்தொகை போட்டுப் பழகிய ஊரில் இது பெரிய வேலையில்லை. சுரப்பி இல்லாத உடம்பில் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய அளவிட முடியாதபடி இருக்க வேண்டும், மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராம் அல்லது அதற்கு மேல் வந்து, மறுசோதனையும் அதை உறுதிசெய்தால், நோய் திரும்பியதாகக் கொள்கிறார்கள். எண் சிறிதாக இருந்தாலும் படிப்படியாக ஏறினால் டெஸ்டோஸ்டிரோன் பேச்சை அத்துடன் நிறுத்துங்கள். குறைந்தது ஓராண்டாவது அளவு அமைதியாக இருந்த பின்னரே யோசிப்பது நல்லது. புற்றுநோய்க்கான ஹார்மோன் ஊசி போட்டிருந்தால், கடைசி ஊசிக்குப் பிறகும் பல மாதங்கள் டெஸ்டோஸ்டிரோன் குறைந்தே இருக்கும் என்பதையும் மருத்துவரிடம் நினைவூட்டுங்கள்.

அடுத்து, குறைவு உண்மைதானா? இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருந்து, நேரம் ஆக ஆக இறங்கும். அண்ணன் காரைக்குடியில் பல்லவன் ரயில் ஏறிச் சென்னையில் நண்பகலுக்கு மேல் இறங்கி, மூன்று மணிக்கு இரத்தம் கொடுத்தார். 240 என்று வந்தது. ஊர் திரும்பி, நன்றாகத் தூங்கி எழுந்து, பலகாரத்துக்கு முன் எட்டு மணிக்குக் கொடுத்தபோது 310. இரு வேறு நாள்களில், காலை வேளையில், டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே வந்தால்தான் குறைவு என்று கொள்ளுங்கள். காய்ச்சல் நேரத்தில் பார்க்க வேண்டாம். முடிக்காகப் பயோட்டின் மாத்திரை எடுத்தால் சொல்லிவிடுங்கள்; அது முடிவை மாற்றிக் காட்டலாம். உடல் பருமன், நீரிழிவு, தூக்கத்தில் மூச்சுத் தடை, ஓபியாய்டு வகை வலிமருந்து ஆகியவையும் அளவை இறக்கும். எடையைக் குறைத்தாலே அளவு ஏறுவதுண்டு. தைராய்டு, இரத்தசோகை, மனச்சோர்வு ஆகியவையும் இதே அசதியைத் தரும் என்பதால் அவற்றையும் பார்த்துவிடுங்கள்.

பலரும் கூச்சத்தால் கேட்காத ஒன்று உண்டு. அறுவைக்குப் பின் விறைப்பு வராமைக்குப் பெரும்பாலும் காரணம் நரம்புச் சேதம். டெஸ்டோஸ்டிரோன் அந்த நரம்பைச் சரிசெய்யாது. நாட்டம் கூடலாம், விறைப்பு அப்படியே இருக்கலாம். மனைவியும் உடனிருக்கும்போது மருத்துவரிடம் இதைத் தெளிவாகக் கேளுங்கள். எதிர்பார்ப்பு தவறாக இருந்தால் ஏமாற்றம் இருவருக்கும்தான்.

அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களும், இரத்தம் ஏற்கெனவே கெட்டியாக உள்ளவர்களும் இப்போதைக்கு ஒதுங்கியிருக்க வேண்டும்.

தொடங்குவது என்று முடிவானால், நிறுத்தக்கூடிய வடிவத்தைக் கேளுங்கள். 1000 மில்லிகிராம் நீண்டகால ஊசி வாரக்கணக்கில் உடம்பில் தங்கும், பி.எஸ்.ஏ. ஏறினால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. தோலில் தடவும் ஜெல்லை அன்றே நிறுத்தலாம். ஆனால் பேரப்பிள்ளைகள் மடியில் ஏறி விளையாடும் வீட்டில், தடவியதும் கையை சோப்பால் கழுவி, இடம் உலர்ந்தபின் சட்டையால் மூடிக்கொள்ளுங்கள்; தோலோடு தோல் பட்டால் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் மருந்து ஏறிவிடும்.

தொடங்குமுன் ஒரு முறையும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பி.எஸ்.ஏ., டெஸ்டோஸ்டிரோன், ஹீமடோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) மூன்றையும் பாருங்கள். ஹீமடோகிரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்துவார்கள். ஆறு மாதத்தில் அசதியும் நாட்டமும் சற்றும் மாறாவிட்டால் தொடர வேண்டியதில்லை. பி.எஸ்.ஏ. எந்த அளவைத் தொட்டால் நிறுத்துவது என்பதை முதல் மருந்துச்சீட்டு வாங்கும் அன்றே மருத்துவரிடம் கேட்டு, அந்த எண்ணை உங்கள் தேதிவாரித் தாளின் தலைப்பிலேயே எழுதி வையுங்கள்.